அறுபத்தொன்றாவது கை

செலிம்னோ முகாம், பன்னிரண்டாம் வரிசை
29 ஆகஸ்ட் 2068

மாண்புமிகு தம்பி மிலுதினுக்கு,

மாண்புமிகு என்று எழுதிப் பார்த்தேன், கை கூசுகிறது. உன் மூக்கைத் துடைத்துவிட்ட கை அல்லவா? இனிமேல் தம்பி என்றே எழுதுகிறேன்.

நேற்று வானொலியில் எல்லாம் கேட்டோம். மூன்று கட்சித் தலைவர்களும் வழக்கப்படி ஒரே பானையிலிருந்து ஒரே கரண்டியால் பீன்ஸ் சூப் குடித்துக் கூட்டணியை உறுதி செய்தார்களாம். பிரதமர் ஹலாஸ் அம்மா முதல் வாய், விவசாயக் கட்சிக்காரர் அடுத்த வாய், உங்கள் ஆற்றுக்கட்சித் தலைவர் கடைசி வாய். உன் அத்தான் தமியான் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மூணு பேரும் ஒரே கரண்டில குடிச்சிருக்காங்க. ஒருத்தனுக்குச் சளி புடிச்சாப் போதும், ஆட்சி படுத்துரும்." ரொட்டிக்கடை இலியா சிரித்துச் சிரித்து மாவைக் கொட்டிவிட்டார்.

நீ அமைச்சர் என்று கேட்டதும் முகாமே என் வீட்டு வாசலில் வந்து நின்றது. நிற்காமல் என்ன செய்வார்கள்? உனக்காக நாலாயிரம் தபால் ஓட்டு வாங்கித் தந்தவள் நான். கதவு கதவாக ஏறி இறங்கினேன். இலியா மட்டும் கடைசிவரை முறுக்கிக்கொண்டார். "தெசாங்கா, உன் தம்பி பேச்சு வெண்ணெய்தான். வெண்ணெய் வெயில்ல நிக்குமா?" என்று கேட்டார். "என் தம்பிக்கு நான் பொறுப்பு" என்றேன். அதற்குப் பிறகுதான் உறையை ஒட்டினார்.

உனக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன். சண்டைக்குப் பயந்து லிம்னா ஆற்றின் தாழ்கரையிலிருந்து நாங்கள் ஆறாயிரம் பேர் எல்லை தாண்டி, வரும் அக்டோபர் முப்பத்தொன்றோடு பத்து வருஷம் ஆகிறது. பத்து வருஷம் உடையவன் திரும்பாத வீடு அரசாங்கத்துக்கு என்கிறது பழைய சட்டம். உங்கள் திரும்புதல் சட்டம் அதற்குள் நிறைவேறினால் நாங்கள் வீட்டுக்கு வரலாம். இல்லையென்றால் நவம்பர் முதல் தேதியிலிருந்து எங்களுக்கு ஊரும் இல்லை, வீடும் இல்லை.

தாழ்கரையில் நிற்கும் எங்கள் ஓர்லேக் வீட்டைப் பார்த்துக்கொள்வதாக ஒன்பது வருஷமாக எழுதுகிறாய். எப்படிப் பார்த்துக்கொள்கிறாய் என்று ஒரு வரி எழுதியதில்லை. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லிவிடு, தம்பி. நான் கோபப்பட மாட்டேன்.

உன் அக்கா
தெசாங்கா


பாலங்கள் துறை அமைச்சகம், ப்ரெஸ்தோவ்
8 செப்டம்பர் 2068

அன்பு அக்கா,

எல்லையில் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் அதிகாரிக்கும் வணக்கம். எழுதியவன் இப்போது அமைச்சர், ஆகவே திரும்ப ஒட்டும்போது நேராக ஒட்டவும். இரண்டு நாட்டுக்கும் நடுவே தொலைபேசிக் கம்பியும் கைபேசி இணைப்பும் அறுந்து பத்தாண்டாகிறது. அமைச்சராகியும் உன்னோடு பேச எனக்குத் தபால்தலைதான் கதி.

என் துறையைக் கேட்டுச் சிரித்திருப்பாய். லிம்னா ஆற்றின்மேல் இன்று ஒரு பாலமும் நிற்கவில்லை. இல்லாத பாலங்களுக்கு நான் அமைச்சர். எதிர்க்கட்சிப் பத்திரிகையில் நான் ஆற்றின் நடுவில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று நாடாவை வெட்டுவதுபோல் படம் போட்டார்கள். நானே அதை வெட்டி அறையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

திரும்புதல் சட்டத்துக்கு அக்டோபர் ஆறாம் தேதி மாலை ஆறு மணிக்கு வாக்கெடுப்பு. மொத்தம் நூற்றிருபது பேர். அறுபத்தொரு கை தூக்கினால்தான் சட்டம். எங்களிடம் சரியாக அறுபத்தொன்று இருக்கிறது, ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எதிர்க்கட்சிக்காரர்கள் வந்து எதிர்த்து வாக்களிக்கக்கூட வேண்டாம், வீட்டில் கால் நீட்டிப் படுத்திருந்தாலே போதும். சட்டம் தோற்றால் அன்றைக்கே பதவி விலகுவதாக ஹலாஸ் அம்மா சொல்லிவிட்டார். அதனால் எங்கள் எல்லோரையும் முட்டையைப்போலப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள். நான் தும்மினால் கட்சிக் கொறடா ஓடி வருகிறார்.

எதிர்க்கட்சித் தலைவர் கிர்தேனைச் சபை நடையில் பார்த்தேன். நம் ஓர்லேக் பக்கத்து ஆள் அல்லவா, நின்று பேசினார். அரசியல் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இந்த வருஷம் பிளம் காய்ப்பு எப்படி, வெயிலில் பாதி உதிர்ந்துவிட்டதா என்றுதான் கேட்டார். பகைவனாக இருந்தாலும் மனுஷன்.

வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். பூட்டித்தான் இருக்கிறது. போன மாதம்கூடப் போய்ப் பார்த்தேன். நாலைந்து ஓடு மாற்றினேன். கவலைப்படாதே. என் மகன் ஒக்னென் நலம், மருமகள் வேத்ரானா நலம், பேத்தி ஸ்தானாவுக்கு நாலு வயது நடக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

உன் தம்பி
மிலுதின்


செலிம்னோ முகாம்
19 செப்டம்பர் 2068

தம்பி,

பூட்டித்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். சரி.

இங்கே எல்லோருக்கும் கால் தரையில் நிற்கவில்லை. நம் தெரு பெர்சா ஊரில் விட்டுவந்த தன் வீட்டு ஜன்னல்களுக்குத் திரைச்சீலை தைத்து முடித்துவிட்டாள், ஐந்து ஜோடி. அளவு எங்கே பிடித்தாய் என்றேன். "பத்து வருஷமா அந்த ஜன்னலைத்தானடி மனசுல திறந்து மூடிக்கிட்டிருக்கேன், அளவு தெரியாதா?" என்றாள். படகில் யார் முதலில் ஏறுவது என்று உன் அத்தானும் இலியாவும் ஒரு வாரமாகப் பேச்சு வார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள். இருக்கிற ஒரு ரொட்டிக்கடைக்காரரோடு சண்டை போட்டுவிட்டு நாங்கள் உருளைக்கிழங்கு தின்கிறோம்.

ஆறாம் தேதி மாலை எல்லோரும் இலியா கடையில் வானொலியைச் சுற்றி உட்காரப் போகிறோம். பெயர் சொல்லித்தானே கூப்பிடுவார்கள்? உன் பெயர் வரும்போது வாய்க்குள் முனகாதே. சின்ன வயதில் பள்ளியில் உள்ளேன் சொல்லும்போது முனகி முனகித்தான் வாத்தியாரிடம் அடி வாங்குவாய். அன்றைக்கு மட்டும் சத்தமாகச் சொல்லிவிடு. எங்களுக்குக் கேட்க வேண்டும்.

தெசாங்கா


செலிம்னோ முகாம்
7 அக்டோபர் 2068

மிலுதின்,

உயிரோடுதான் இருக்கிறாய். பத்திரிகை வந்துவிட்டது.

நேற்று மாலை நடந்ததை எழுதுகிறேன். நீ இங்கே இல்லை, அங்கேயும் இல்லை, ஆகவே யாராவது உனக்குச் சொல்ல வேண்டும்.

"மிலுதின் கவ்ரான்" என்று கூப்பிட்டார்கள். பதில் இல்லை. "தொண்டையைச் செருமுறான்" என்று உன் அத்தான் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். கடையில் யாரோ ஒரு பெண் குழந்தையின் வாயைப் பொத்தினாள். வராதவன் பெயரை மூன்று முறை கூப்பிட வேண்டும் என்பது சபை வழக்கம். மூன்றாம் முறை அந்தக் குமாஸ்தாவின் குரலே இறங்கிப்போயிருந்தது. பிறகு "அறுபது" என்றார்கள்.

என்ன நினைத்தோம் தெரியுமா? நீ செத்துவிட்டாய் என்று நினைத்தோம். வேறு எதையும் நினைக்க யாருக்கும் தோன்றவில்லை. இலியா மெழுகுவத்தி ஏற்றினார். "வெண்ணெய்னு சொன்னேனே பாவி, மனுஷன் வழியிலேயே போய்ட்டானே" என்று தலையில் அடித்துக்கொண்டார். பெண்கள் இறந்தவர்களுக்கு அவிக்கும் கோதுமையை அவித்துக் கிண்ணம் கிண்ணமாக என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வீடு போனதற்கு ஒருவரும் அழவில்லை. உனக்காக அழுதார்கள். நான் மார்பில் அடித்துக்கொண்டு அழுதேன்.

காலையில் ரொட்டி மாவு வண்டியில் பத்திரிகை வந்தது. முதல் பக்கத்தில் உன் படம். கையில் ஒரு குழந்தை, பக்கத்தில் கிர்தேன், நீ சிரிக்கிறாய்.

பெர்சா படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தன் கோதுமைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்து அவளவள் கிண்ணத்தை எடுத்துப் போனார்கள். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தெசாங்கா


ப்ரெஸ்தோவ்
12 அக்டோபர் 2068

அக்கா,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். அறையைக் காலி செய்து நாற்காலியை எடுத்துப் போய்விட்டார்கள். எங்கள் அரசு முப்பத்தொன்பது நாள் இருந்தது. ஹலாஸ் அம்மா அன்றைக்கே விலகினார். கிர்தேன் அடுத்த வாரம் பதவி ஏற்கிறார்.

நடந்ததைச் சொல்கிறேன், பிறகு நீ தீர்ப்புச் சொல்.

அக்டோபர் முதல் தேதி கிர்தேனின் மகன் என் அறைக்கு வந்தான். கையில் பூச்சுற்றிய பிளம் சாராயக் குடுவை, தட்டையான ரொட்டி. தன் மகனுக்கு நான் ஞானத்தகப்பனாக வர வேண்டும் என்று முட்டி போட்டுக் கேட்டான். அழைப்பு வந்தால் மறுக்கக் கூடாது என்பது உனக்குத் தெரியும். மறுத்தால் அந்தக் குழந்தைக்கு வரும் நோய் நொடி எல்லாம் மறுத்தவன் தலையில். என்ன செய்யச் சொல்கிறாய்? பகைவன் வீட்டுப் பிள்ளையானாலும் பிள்ளைதானே? குடுவையிலிருந்து ஒரு வாய் குடித்தேன். குடித்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

ஞானஸ்நானம் ஆறாம் தேதி காலை, ஸெலெனிக் கோயிலில். தலைநகரிலிருந்து மூன்று மணிநேரம். மத்தியானம் கிளம்பி நாலு மணிக்குத் திரும்பிவிடுவேன் என்று கொறடாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். பாதிரியார் தாமதமாக வந்தார். பிறகு விருந்து. ஞானத்தகப்பன் ஆட்டுத் தலையை உடைத்துப் பங்கு வைக்காமல் பந்தியிலிருந்து யாரும் எழக் கூடாது. பேருந்தைத் தவறவிட்டேன். அடுத்த பேருந்து ஐந்தரைக்கு. அந்த மலைப்பாதையில் அதற்குப் பிறகு கிளம்பி என்ன பயன்?

வழக்கம் ஒருபக்கம், சட்டம் ஒருபக்கம். நடுவில் நான் மாட்டிக்கொண்டேன். இலியாவிடம் இதைச் சொல். அவர் பெரிய மனிதர், புரிந்துகொள்வார்.

மிலுதின்


செலிம்னோ முகாம்
18 அக்டோபர் 2068

மிலுதின்,

இலியாவிடம் சொன்னேன். நீ சொல்லச் சொன்னபடியே, வழக்கம், ஆட்டுத் தலை, பேருந்து, எல்லாம் சொன்னேன். அவர் மாவு பிசைவதை நிறுத்தவில்லை. "ஏம்மா, உன் தம்பிகிட்ட தொப்பி இல்லையா?" என்றார். அவ்வளவுதான்.

ஏன் தம்பி, தொப்பி இல்லையா உன்னிடம்? வர முடியாத ஞானத்தகப்பன் தன் தொப்பியை அனுப்பினால் போதும், அதன்மேல் பிள்ளையைக் கிடத்தித் தண்ணீர் ஊற்றுவார்கள் என்பது முகாமில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். நம் அப்பா படகோட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட ஊரில் இருந்ததில்லை. ஓர்லேக்கில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்பாவின் தொப்பிதான் ஞானத்தகப்பன். அந்தத் தொப்பியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஓடியவனே நீதானே?

சபையில் கையைத் தொப்பி தூக்காது. கோயிலில் குழந்தையைத் தொப்பி தாங்கும். இது தெரியாத முட்டாள் இல்லை நீ. கிர்தேனும் இல்லை.

இங்கே எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை நீ. நானே சொல்கிறேன். உன் அத்தான் வெளியே போவதில்லை. நான் போகிறேன், போகாமல் முடியாதே. தண்ணீர்க் குழாயில் எனக்கு வழி விடுகிறார்கள். வரிசையில் முன்னால் நிற்பவள்கூட ஒதுங்கி, "நீ புடி" என்கிறாள். தொழுநோய்க்காரிக்கு விடும் வழி. நடக்கும்போது தரையைப் பார்த்தே நடக்கிறேன். முகாமில் எத்தனை கல் இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும்.

இன்னும் பதின்மூன்று நாள். உண்மையான காரணத்தை எழுது. இல்லையென்றால் எழுதாதே.

தெசாங்கா


ஓர்லேக், மேட்டுக்கரை
25 அக்டோபர் 2068

அக்கா,

நாலு தாள் கிழித்துப் போட்டுவிட்டு ஐந்தாவதில் எழுதுகிறேன்.

பேருந்தை நான் தவறவிடவில்லை. பேருந்தே தேவைப்படவில்லை. இரண்டு மணிக்குக் கிர்தேன் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கார் வெளிய நிக்குது. டிரைவர் சாப்ட்டுட்டான். போறதுன்னா போ, மிலுதின். நான் யாரையும் கட்டிப்போட மாட்டேன்" என்றார். ஜன்னல் வழியாகக் கார் தெரிந்தது. ஆறு மணி ஆகும்வரை தெரிந்துகொண்டே இருந்தது.

தொப்பியும் இருந்தது. முதல் நாளே காகிதத்தில் சுற்றி, நூல் கட்டி, ஸெலெனிக் விலாசம் எழுதி மேஜைமேல் வைத்திருந்தேன். ஆள் வந்து எடுத்துப் போக வேண்டியதுதான் பாக்கி. விடிந்ததும் நூலை அவிழ்த்தேன். தொப்பியை என் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஏன் என்று கேட்கிறாய். உன் வீடு பூட்டியிருக்கவில்லை, அக்கா. நாலு வருஷமாக ஒக்னென் அதில் குடியிருக்கிறான். கல்யாணமானதும் எங்கள் இரண்டு அறையில் இடம் போதவில்லை. ஒரு குளிர்காலம் மட்டும் என்றுதான் சாவியைக் கொடுத்தேன். "அத்தைக்குத் தெரியுமாப்பா?" என்று கேட்டான். "தெரியும், நான் எழுதிட்டேன்" என்றேன். ஸ்தானா உன் படுக்கையறையில்தான் பிறந்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் சொல்லிவிட வேண்டும் என்று உட்காருவேன். பூட்டியிருக்கிறது என்று எழுதி எழுந்துவிடுவேன்.

கிர்தேனுக்கு இது தெரிந்திருந்தது. மிரட்டவில்லை. நடையில் பார்த்தபோது பிளம் காய்ப்பைப் பற்றி மட்டும் பேசினார் என்று எழுதினேனே, அதோடு நிற்கவில்லை. "ஒக்னென் நல்லா இருக்கானா? இன்னும் உங்க அக்கா வீட்லதானா? சட்டம் வந்தா அவங்க எல்லாம் வந்துருவாங்களே" என்று சொல்லிவிட்டு என் கோட்டிலிருந்து ஒரு நூலை எடுத்துப் போட்டார்.

வீட்டுக்காகச் செய்தேன் என்று நினைக்காதே. ஒக்னெனுக்கு வேறு இடம் பார்த்திருப்பேன். நீ படகிலிருந்து இறங்கி, நடந்து வந்து, உன் கதவை நீயே தட்டி, உள்ளேயிருந்து என் பேத்தி திறப்பாள். அப்போது நான் உன் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்த ஒரு நிமிஷத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. உன் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு ஆறாயிரம் பேரை நடுத்தெருவில் நிறுத்தினேன். எழுதிய பிறகு இது எவ்வளவு சின்னதாக இருக்கிறது, பார். ஒரு பொய்யை மறைக்க ஒரு நாட்டின் அரசைக் கவிழ்த்தவன் நான்.

தெருவில் எனக்கும் வழி விடுகிறார்கள். கிர்தேன் கட்சிக்காரர்கள் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்கிறார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

மிலுதின்


செலிம்னோ முகாம்
2 நவம்பர் 2068

மிலுதின்,

நேற்று முன்தினம் பத்து வருஷம் முடிந்தது. முகாம் அலுவலகத்துச் சுவரில் வீடுகளின் பட்டியல் ஒட்டினார்கள். எங்கள் வீடு நானூற்றுப் பதினேழு. பெர்சாவின் வீடு நானூற்று இருபது. அவள் திரைச்சீலைகளை வெட்டிக் குழந்தைகளுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஒக்னென் அங்கே இருப்பது எனக்குத் தெரியும்.

நாலு வருஷமாகத் தெரியும். குடிவந்த மாதமே வேத்ரானா எழுதிவிட்டாள். "அத்தை, மாமா உங்ககிட்ட சொல்லிட்டதா சொல்றாரு. எனக்கு நம்பிக்கை இல்ல. உங்க அனுமதி இல்லாம உங்க அடுப்புல பால் வைக்க எனக்குக் கை வரல" என்று எழுதினாள். பால் வை, பிள்ளை பெற்றுக்கொள், நன்றாக இரு என்று எழுதினேன். ஸ்தானாவுக்கு முதல் பல் முளைத்தது வரை எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள். "மாமாவே உங்ககிட்ட சொல்லட்டும் அத்தை, அதான் அவருக்கு மரியாதை" என்றாள். நாங்கள் இருவரும் நாலு வருஷம் உன் மரியாதைக்காகக் காத்திருந்தோம்.

எனக்குப் பிள்ளை இல்லை. உன் அத்தானுக்கு எழுபது ஆகிறது. போன வசந்தத்திலேயே அந்த வீட்டை ஒக்னென் பெயருக்கு எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டோம். வந்து ஒரு அறையில் நாங்களும் இருந்துகொள்கிறோம் என்று வேத்ரானாவுக்குச் சொல்லியிருந்தேன். திரும்புதல் சட்டம் வந்தால்தான் வீடு என்னுடையது, என்னுடையதாக இருந்தால்தான் நான் கொடுக்க முடியும். நீ கையைத் தூக்கியிருந்தால் உன் மகனுக்கு வீடு. அந்தப் பத்திரம் இப்போதும் பெட்டியில் இருக்கிறது. இல்லாத வீட்டை ஒருத்தி ஒருவனுக்குக் கொடுத்ததாகச் சொல்கிறது.

இதைப் படித்து நீ எப்படி இருப்பாய் என்று தெரியும். இருந்துகொள். நானும் ஒன்று சொல்ல வேண்டும், இதை இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

நீ பொய் சொல்பவன் என்று தெரிந்துதான் நான் உனக்கு ஓட்டுக் கேட்டேன். நாலு வருஷமாக ஒவ்வொரு கடிதத்திலும் என்னிடம் பொய் சொல்லும் ஒருவனுக்காக, கதவு கதவாகப் போய், இவனுக்கு நான் பொறுப்பு என்று சொன்னேன். வீட்டு விஷயத்தில்தானே பொய், நாட்டு விஷயத்தில் சொல்ல மாட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் தம்பி அமைச்சர் ஆக வேண்டும் என்று ஆசையாக இருந்தது. இலியா உன்னைத் தெரியாமல் நம்பினார். நான் தெரிந்தே நம்பச் சொன்னேன். அதனால் குழாயடியில் எனக்கு வழி விடும்போது, சரிதான், விடட்டும் என்று போகிறேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

தெசாங்கா


ஓர்லேக்
27 நவம்பர் 2068

அக்கா,

பதில் எழுத வேண்டாம் என்றாய். எனக்காக எழுதவில்லை.

போன வாரம் பிரதமர் கிர்தேனின் செயலாளர் வந்து ஒரு உறை கொடுத்தான். அரசாங்கம் எடுத்துக்கொண்ட வீடுகளில் நானூற்றுப் பதினேழாம் எண் ஒக்னென் கவ்ரானுக்கு ஒதுக்கப்பட்டது, முத்திரையோடு. நான் அதை வாங்கினேன். வாங்கியதோடு நில்லாமல், ஒரு நல்ல காரியமாவது முடிந்ததே என்று நினைத்துக்கொண்டு படகு பிடித்துத் தாழ்கரைக்குப் போனேன். வழியில் ஸ்தானாவுக்குத் தேன் ரொட்டிகூட வாங்கினேன். என் புத்தி எங்கே இருந்தது என்று பார்த்துக்கொள்.

ஒக்னென் அதைப் படித்தான்.

"யாரு குடுத்தது?" என்றான்.

"அரசாங்கம்."

"எதுக்கு?"

நான் தேன் ரொட்டியை ஸ்தானாவிடம் நீட்டினேன். வேத்ரானா அடுப்பைப் பார்த்து நின்றபடி சொன்னாள்: "அத்தை சும்மா குடுத்தாங்க, மாமா. இவங்க நாலாயிரம் ஓட்டை நீங்க வித்ததுக்குக் குடுக்கிறாங்க."

ஒக்னென் என்னைத் திட்டவில்லை. தாளை மடித்து என் கோட்டுப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுவிட்டான், சின்னப் பிள்ளைக்குப் போடுவதுபோல. "அத்தைக்குத் தெரியும்னு சொன்னியேப்பா. அதை நம்பித்தானே நாலு வருஷம் நிம்மதியா தூங்கினேன்" என்றான். தேன் ரொட்டியைத் திருப்பித் தரவில்லை, அதை ஸ்தானா ஏற்கெனவே கடித்துவிட்டாள்.

நேற்று மாலை படகுக்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும், மூன்று பேரும் செலிம்னோவுக்குச் சீட்டு எடுத்திருக்கிறார்கள். உன் வீட்டில் இருக்க மாட்டார்களாம், உன்னோடு இருப்பார்களாம். இங்கிருந்து போகிறவர்களை யாரும் தடுப்பதில்லை, வருபவர்களைத்தான் தடுக்கிறார்கள். இன்று காலைப் படகில் போய்விட்டார்கள். நான் துறைக்குப் போகவில்லை. போனால் ஸ்தானா என்னைப் பார்த்து ஓடி வருவாள், அவளைத் திரும்பப் பிடித்து இழுக்கும்படி ஒக்னெனை வைக்கக் கூடாது.

எல்லையில் அவர்களை ஒரு வாரம் வைத்திருப்பார்கள். இந்தக் கடிதம் முந்திவிடும் என்று நம்புகிறேன். ஒக்னென் கூச்சக்காரன், அடுப்புக்கு விறகில்லை என்றால்கூடக் கேட்க மாட்டான், நீயே பார்த்துக் கொடு. வேத்ரானாவுக்குக் குளிர் ஆகாது. நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம்.

ஸ்தானாவைப் பற்றி ஒன்று. புது ஆள் யாரைப் பார்த்தாலும் அவள் முதலில் சொல்வது ஒன்றுதான்: "எங்க தாத்தா பாலத்துக்கெல்லாம் மந்திரி. எங்க தாத்தா பேரு மிலுதின் கவ்ரான்." செப்டம்பரில் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். தபால்காரர், படகுக்காரர், பால்காரி என்று யாரையும் விட்டதில்லை. தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு சத்தமாகச் சொல்வாள். முகாமில் இறங்கியதும் எல்லோரும் சுற்றி நிற்பார்கள், பெர்சா இருப்பாள், இலியா இருப்பார். அவர்கள் முன்னால் அவள் வாயைத் திறப்பதற்குள் நீ போய் அவளைத் தூக்கிக்கொண்டுவிடு, அக்கா. தமியான் தாத்தாவின் பேத்தி என்று சொல்லப் பழக்கு. நாலு வயதுதான் ஆகிறது. என் பெயர் அவளுக்குச் சீக்கிரம் மறந்துவிடும்.

மிலுதின்